கீழே முரட்டுப் பஞ்சு, மேலே வளையம்

11.9.2023, திங்கள்

காலை பத்தரை மணிக்கு, கள்ளக்குறிச்சி சங்கராபுரம் சாலையில், பொன்னுரங்கம் மோட்டார் காயில் கட்டும் கடையின் பின்கட்டில் பாரதப் போர் மூண்டது. ஒரு பக்கம் கீசகன். இன்னொரு பக்கம் ராணி. நடுவில் ஆயுதம் ஏதுமின்றி யாம்.

கீசகன் ஒரு ஃபிளவர்ஹார்ன் மீன். தலையில் தேங்காய் அளவு கொண்டை. அளந்ததில்லை, ஆனாலும் தேங்காய்தான். வயசுக் காலத்தில் யாம் கூத்தில் கட்டியக்காரனாக நின்று எத்தனையோ கீசகன்களைக் கிண்டல் அடித்திருக்கிறோம். இவனுக்கு இருக்கிற பார்வை ஒருத்தனுக்கும் வாய்த்ததில்லை. ஐந்தடித் தொட்டியின் அந்தக் கோடியிலிருந்து குண்டு மாதிரி வந்து தன் ஜோடி ராணியின் வயிற்றில் மோதினான். செதில் பறந்தது. வால் கிழிந்து நூல் நூலாகத் தொங்கியது. அவள் மூலையில் தலையைப் போட்டு நின்றுவிட்டாள். அப்போதும் விடவில்லை, கண்ணைப் பார்த்துக் கொத்தினான். யாம் கையை விட்டோம். எம் ஆள்காட்டி விரலைக் கடித்தான். ஓடிய ரத்தத்தில் கோமுகி அணை இரண்டடி ஏறியிருக்கும்.

அமிர்தம் வந்தாள். எம் தங்கை ராஜாம்பாளின் மகள். மீன்கள் அவளுடையவை. குஞ்சு பொரிக்க வைத்து, வளர்த்து, கொளத்தூர் வியாபாரிக்குப் பஸ்ஸில் ஏற்றி அனுப்புவதாகத் திட்டம். கண்ணாடித் தடுப்பை எடுத்துத் தொட்டியின் நடுவில் இறக்கினாள். கீசகன் அதில் ணங்கென்று முட்டினான்.

"இன்னா மாமா, வெரல குடுத்தா வுட்டுடுவானா?" என்றாள். அப்புறம் ராணியைப் பார்த்தபடியே, "இவளுக்காவது நடுவுல கண்ணாடி எறக்க ஒரு ஆளு இருக்குது. களமருதூர் வூட்ல எனக்கு அதுவும் இல்ல" என்றாள்.

ஏழு மாதம் முன்னால் புருஷன் சின்னதுரையின் வீட்டிலிருந்து பஸ் ஏறி அவள் இங்கே வந்து இறங்கியபோது ஒரு காது கேட்கவில்லை. இப்போதும் பாதிதான் கேட்கிறது.

யாம் விரலுக்குத் துணி சுற்றிக்கொண்டிருந்தோம்.

14.9.2023, வியாழன்

கேனிஸ்டர் ஃபில்டர் வந்து சேர்ந்தது! யானை மேல் ஏற்றி ஊர்வலம் விட்டிருக்க வேண்டும், யானை கிடைக்கவில்லை, பார்சல் ஆபீசிலிருந்து டி.வி.எஸ்.ஸில் வைத்துக் கொண்டுவந்தோம்.

பார்த்தால் மூடி போட்ட ஒரு கறுப்பு வாளி. மூடியில் மோட்டார். இரண்டு குழாய். ஒன்று தொட்டித் தண்ணீரை இழுத்து வரும், இன்னொன்று சுத்தம் செய்து திருப்பி அனுப்பும். உள்ளே ஒன்றன்மேல் ஒன்றாக மூன்று தட்டு. தட்டுகளில் அடுக்க ஒரு முரட்டுப் பஞ்சு, ஒரு நைசுப் பஞ்சு, விரற்கடை நீளத்தில் ஒரு மூட்டை வெள்ளை செராமிக் வளையம்.

"நான் வந்து அடுக்கறேன் மாமா, நீ தொடாத" என்று சொல்லிவிட்டு அமிர்தம் பேங்குக்குப் போனாள். யாரைப் பார்த்துச் சொன்னாள்? இந்த ஜில்லாவில் யாம் காயில் கட்டாத மோட்டார் உண்டா? கல்வராயன் மலையில் தண்ணீர் மேலே ஏறுகிறதென்றால் அது எம் கை பட்டதால்தானே?

குழாய் மூடியில் வந்து சேர்கிறது. ஆகவே தண்ணீர் மேலிருந்து கீழே விழும். ஆகவே முரட்டுப் பஞ்சு மேல்தட்டில், வளையம் நடுத்தட்டில், நைசுப் பஞ்சு கீழ்த்தட்டில். அடுக்கினோம். மூடினோம். ஓட்டினோம். மோட்டார் பூனை மாதிரி முனகியது. கைதட்ட ஆள் இல்லாததால் யாமே தட்டிக்கொண்டோம்.

17.9.2023, ஞாயிறு

அடைத்துக்கொண்டது. மூன்றே நாளில்.

அமிர்தம் மூடியைக் கழற்றினாள். கீழே இருந்த நைசுப் பஞ்சு சாணி மெழுகின மாதிரி இறுகிக் கிடந்தது. மேலே முரட்டுப் பஞ்சு கல்யாணப் பெண் மாதிரி பளபளவென்று இருந்தது.

"குழாய் மேல இருந்து வந்தாலும், தண்ணி ஓரமா நேரா அடிக்குப் பூடும் மாமா. அங்கருந்துதான் ஒவ்வொரு தட்டா மேல ஏறும். மொத அடி வாங்கறது கீழ்த்தட்டு."

"சரி?"

"அங்க முரட்டுப் பஞ்சு இருக்கணும். மீன் போட்ட பீ, தின்னாத தீனி, எல்லா அசிங்கத்தையும் அது தாங்கிக்கும். மிச்சத்தை நைசுப் பஞ்சு புடிக்கும். அசிங்கம் எல்லாம் நின்னப்புறம் வெறும் தண்ணி வளையத்துக்குப் போவணும்."

"அசிங்கமே இல்லன்னா வளையம் இன்னாத்துக்கு, அழகுக்கா?"

"கண்ணுக்குத் தெரியற அசிங்கம் வேற, தெரியாத விஷம் வேற. மீன் மூத்திரத்துல விஷம் இருக்குது. வளையத்துல பொடிப்பொடியா ஓட்டை இருக்குது பாரு, அதுல ஒரு கிருமி குடியேறும். அதான் அந்த விஷத்தைத் தின்னும்."

"கிருமிய வேற வளக்கறியா நீ!"

"மீன வளக்கறதே அதுங்கதான். குடியேற ஒரு மாசம் ஆவும். அதுவரைக்கும் முன்னாடியிருந்து ஓடற பழைய பஞ்சு ஃபில்டரும் தொட்டியிலயே ஓடட்டும். வளையத்தை மட்டும் நீ தொடாத மாமா. கால்ல வுழறேன்."

காலில் விழவில்லை. சும்மா சொன்னாள். யாம் பெருந்தன்மையோடு மன்னித்தோம்.

22.9.2023, வெள்ளி

இன்று எம் வாழ்நாளின் மாபெரும் யுத்தம்!

சின்னதுரை வந்தான். கூட நாற்பது பேர், அரிவாளும் கம்பும். "எங்கடா எம் பொண்டாட்டி" என்று கடை வாசலில் கர்ஜித்தான். யாம் எழுந்தோம். சாலையில் போன பஸ்கள் நின்றன. யாம் அவன் சட்டைக் காலரைப் பிடித்துத் தூக்கித் தலைக்கு மேல் மூன்று சுற்றுச் சுற்றி எறிந்ததில் அவன் கச்சிராயபாளையம் தாண்டி அணையில் போய் விழுந்தான். மற்ற முப்பத்தொன்பது பேர் செருப்பை விட்டுவிட்டு ஓடினார்கள். செருப்புகளைக் கொண்டு ஒரு கடை வைக்கலாம்.

23.9.2023, சனி

நேற்று எழுதியது பொய்.

வந்தது அவன் ஒருத்தன்தான். நான் பின்கட்டில் முரட்டுப் பஞ்சைக் கழுவிக்கொண்டிருந்தேன். முன்பக்கம் சத்தம் கேட்டு வந்தேன். அவன் அவள் முடியைப் பிடித்து முகத்தைக் கடை ஷட்டரில் மோதினான். ஒரு தடவை. இரண்டாவது தடவை. ஷட்டர் அதிர்கிற சத்தம் தெருக்கோடி வரைக்கும் கேட்டிருக்கும். "மீன் விக்கறியா? மீன் விக்கறியாடி?" என்று கேட்டுக்கொண்டே. அவள் மூக்கிலிருந்து ரத்தம் ஷட்டரில் கோடு கோடாக இறங்கியது.

நான் நின்றேன். கையில் பஞ்சு. அதிலிருந்து அழுக்குத் தண்ணீர் என் காலில் சொட்டிக்கொண்டே இருந்தது. அதைக் கீழே போடக்கூடத் தோன்றவில்லை. இன்னா மனுஷன்டா நீ பொன்னுரங்கம்? கை ஏன் உயரவில்லை? கால் ஏன் நகரவில்லை?

என் மனைவி ஜெயம்மாள்தான் உலையில் வடித்த கஞ்சித் தண்ணீரைச் சட்டியோடு கொண்டுவந்து அவன் முதுகில் ஊற்றினாள். அலறிக்கொண்டு போனான். டீக்கடையிலிருந்து ஆட்கள் வந்தார்கள்.

ஷட்டரை நான்தான் துடைத்தேன். அந்தப் பஞ்சாலேயே.

1.10.2023, ஞாயிறு

களமருதூர் மாரியம்மன் கோயில் வாசலில் இரு தரப்புப் பெரியவர்களும் கூடினார்கள். பொது மனுஷர் அம்மாசி பேசினார். "கொதிக்கிற கஞ்சிய ஊத்தறது மட்டும் ஞாயமா? பொண்ணு புருஷன் வூட்டுக்கு வரட்டும், அவனும் இனிமே கை நீட்டமாட்டான்."

சின்னதுரை கையைக் கட்டி நல்ல பிள்ளை மாதிரி நின்றான். "வண்ண மீனு வித்துப் பொழைக்கறாளாமே. எத்தினி குஞ்சு பொரிச்சிது, கேளுங்க. ஒண்ணு? அரை?"

எல்லாரும் சிரித்தார்கள்.

போன மாதம் நின்ற நிற்பு என் நெஞ்சில் முள்ளாக இருந்தது. அதைப் பிடுங்கிப் போட நினைத்தேனோ என்னவோ, கட்டியக்காரன் எழுந்துவிட்டான். வேட்டியை மடித்துக் கட்டி, கையை உயர்த்தி: "கேளுங்கடா களமருதூர் ஜனங்களே! தீபாவளி அன்னிக்கு வந்து பாருங்க. எந்தொட்டியில குஞ்சு முழிச்சிக்கினு நிக்கும். இல்லன்னா இந்தப் பொன்னுரங்கமே இவ கையப் புடிச்சி இட்டாந்து உங்க வூட்ல வுடறேன். இது மாரியாத்தா மேல வாக்கு!"

அம்மாசி உடனே, "சரி, அவரே சொல்லிட்டாரு" என்று துண்டை உதறி எழுந்தார்.

திரும்பும்போது பஸ்ஸில் உளுந்தூர்ப்பேட்டை வரை அமிர்தம் ஜன்னலையே பார்த்துக்கொண்டு வந்தாள். பிறகு சொன்னாள்: "வாக்கு குடுத்தது நீ. நான் ஒண்ணும் குடுக்கல."

கேட்காத காதுப் பக்கம் உட்கார்ந்திருந்தேன். நான் சொன்ன சமாதானம் எதுவும் அவளுக்கு எட்டவில்லை.

9.10.2023, திங்கள்

ஜெயபேரிகை கொட்டட்டும்! ராணி முட்டை இட்டாள்!

அமிர்தம் காலையில் தடுப்பை எடுத்துவிட்டு, கையில் வலையோடு நாலு மணி நேரம் தொட்டியின் முன்னால் நின்றாள். கீசகன் முறைக்கும்போதெல்லாம் வலையை இறக்கினாள். அந்த மடையனுக்கே பயம் வந்துவிட்டது. மதியத்துக்குள் ஓட்டுத் துண்டின் மேல் முட்டை, எட்டு லட்சம்.

"ஐந்நூறு இருக்கும் மாமா."

எட்டு லட்சம்.

வெள்ளிமலைக் கரியன் வந்திருந்தான். மலையிலிருந்து சாமையும் புளியும் கொண்டுவந்து இறக்குகிறவன். தன் கிணற்று மோட்டாரை எம்மிடம் கொடுத்திருந்தான். முட்டையைப் பார்த்து, "இத்தினி புள்ளைங்களுக்கு இன்னா பேரு வெப்பீங்க அண்ணா?" என்று கேட்டான். அமிர்தம் சிரித்தாள். ஷட்டர் நாளுக்குப் பிறகு முதல் சிரிப்பு. அவனுக்கு நாலு கப்பி மீனும், தொட்டியில் ஓடிக்கொண்டிருந்த பழைய பஞ்சும் கொடுத்து அனுப்பினாள். வளையத்தில் கிருமி ஏறிவிட்டதாம், இனி அந்தப் பஞ்சு இங்கே வேண்டாமாம்.

19.10.2023, வியாழன்

குஞ்சுகள் நீந்துகின்றன. கடுகுக்குக் கண் வைத்த மாதிரி. தீபாவளிக்கு இன்னும் இருபத்து நாலு நாள். சின்னதுரையே, வா! உன் மூக்கை இவற்றுக்குத் தீனியாக நறுக்கிப் போடுகிறோம்!

23.10.2023, திங்கள். ஆயுத பூஜை

ராஜாம்பாளுக்குக் காய்ச்சல் என்று அமிர்தம் சனிக்கிழமையே ரிஷிவந்தியம் போய்விட்டாள். புதன்கிழமை வருவாள். அதனால் அவளுக்கு ஒரு ஆச்சரியம் தரலாம் என்று தீர்மானித்தோம்.

முப்பத்து மூன்று வருஷமாக எம் கடையில் இதுதான் முறை. ஆயுத பூஜைக்கு முந்தின நாள் ஒவ்வொரு கருவியும் பிரித்துக் கழுவப்படும். பூஜை அன்று எம் ராஜ்ஜியத்தில் ஒரு மோட்டாரும் ஓடாது. உழைத்த இரும்புக்கு அன்று ஓய்வு. மறுநாள் காலைதான் சுவிட்ச். அந்தக் கேனிஸ்டர் மட்டும் என்ன பாவம் செய்தது? மாடாக உழைக்கிறது, ஒரு பொட்டு வைக்க நாதி இல்லை.

நேற்றே பிரித்தோம். பஞ்சுகள் இரண்டையும் சோப்புப் போட்டுத் துவைத்தோம். வளையங்களைப் பார்க்கச் சகிக்கவில்லை. பழுப்பு, வழவழப்பு, சேற்று வாடை. வாளியில் குழாய்த் தண்ணீர் பிடித்து, ஒரு கை பிளீச்சிங் பவுடர் போட்டு, பல் தேய்க்கிற பிரஷ்ஷால் ஒவ்வொன்றாகத் தேய்த்தோம். மொட்டை மாடியில் வேட்டி விரித்துக் காய வைத்தோம். வெயிலில் அப்படியே ஒரு ராட்சசனின் பல்வரிசை! எம் பல்லை விட வெள்ளை!

இன்று மூடிக்குச் சந்தனம், குங்குமம், ஒரு முழம் சாமந்தி. தேங்காய் உடைத்தோம். "மீனுக்கு மூச்சு முட்டும்ங்க, காத்துக் குழாயாவது ஓடட்டும்" என்று ஜெயம்மாள் கெஞ்சியதால் அதை மட்டும் ஓட விட்டோம். பண்டிகைக்காக மீன்களுக்கு மூன்று மடங்கு தீனி.

24.10.2023, செவ்வாய்

அமிர்தம் சொன்ன வரிசையிலேயே அடுக்கினோம். கீழே முரட்டுப் பஞ்சு, நடுவில் நைசு, மேலே வளையம். சுவிட்ச் போட்டோம். தண்ணீர் பன்னீர் மாதிரி வருகிறது.

25.10.2023, புதன்

தண்ணீர் கலங்கியிருக்கிறது, நீராகாரம் மாதிரி. குஞ்சுகள் மேலே வந்து வாயைத் திறக்கின்றன. பசியாக இருக்கும். இன்னும் தீனி போட்டேன்.

மழையால் பஸ் இல்லையாம். அமிர்தம் நாளைக்குத்தான் வருவாள்.

26.10.2023, வியாழன்

எல்லாம் போச்சு.

27.10.2023, வெள்ளி

எழுதித்தான் ஆக வேண்டும்.

நேற்று விடிந்ததும் பார்த்தேன். குஞ்சுகள் தொட்டியின் அடியில் வெள்ளையாகப் படிந்து கிடந்தன, குருணை கொட்டின மாதிரி. ராணி பக்கவாட்டில் சாய்ந்து சுற்றிச் சுற்றி வந்தாள். செவுள் ரத்தச் சிவப்பு. பைத்தியம் பிடித்த மாதிரி கண்ணாடியில் மோதினாள், மோதினாள், மூக்கு உடைந்து சதை தொங்கியது. அந்தப் பக்கம் கீசகனும், முட்டை இட்டதும் மறுபடி இறக்கிய தடுப்பில் மோதிக்கொண்டிருந்தான். இரண்டு பக்கமும் ணங் ணங் என்று. எட்டரைக்கு ராணி அடங்கிவிட்டாள். கீசகன் மட்டும் மூச்சு வைத்திருந்தான்.

அமிர்தம் உள்ளே வந்து பையைக் கூடக் கீழே வைக்கவில்லை.

"இன்னா பண்ண?"

"கரண்ட் பூட்சி பாப்பா. விழுப்புரம் வரைக்கும் கரண்ட் இல்ல. மூணு நாள்..."

அவள் கேனிஸ்டர் மூடியைப் பார்த்தாள். சந்தனம் காய்ந்து வெடித்திருந்தது. ஒரு வளையத்தை எடுத்து மூக்கருகே வைத்தாள். பிளீச்சிங் வாடை இன்னும் இருந்தது.

"அதுங்க செத்துப் பூட்சி மாமா. வளையத்துல இருந்த கிருமி. அது செத்ததும் மீனுங்க அதுங்க மூத்திரத்துலயே வெந்து செத்துச்சி." குரல் ஏறவில்லை. "அவன் செருப்பால அடிச்சான். நீ சந்தனம் குங்குமம் வெச்சி அடிச்சிட்ட."

பிறகு வளையத்தை என் முகத்தில் எறிந்தாள். அடுத்தது. அடுத்தது. கை நிறைய அள்ளி எறிந்தாள். நெற்றி, கன்னம், கண். ஜெயம்மாள் பிடிக்க வந்தாள், நான் வேண்டாமென்று கை காட்டினேன். தட்டு காலியானதும் உட்கார்ந்து எல்லாவற்றையும் பொறுக்க ஆரம்பித்தாள். நானும் பொறுக்கினேன்.

"கீசகன் பொழைக்கணும்னா இன்னா பண்ணணும்?" என்று கேட்டேன்.

தலையைத் தூக்காமலே, "அழுக்குப் பஞ்சு வேணும். கிருமி உயிரோட இருக்கற பஞ்சு. இந்த ஊர்ல எங்க இருக்குது?" என்றாள்.

இந்த ஊரில் இல்லை.

28.10.2023, சனி

அனுமார் சஞ்சீவி மலையைத் தூக்கி வந்தார். எனக்கு அவ்வளவு தேவைப்படவில்லை, ஒரு பஞ்சு போதும்.

டி.வி.எஸ்.ஸில் கச்சிராயபாளையம், அணை, அப்புறம் வளைவு வளைவாக மேலே வெள்ளிமலை. பனி. ஒரு வளைவில் சறுக்கி விழுந்து முழங்கால் கிழிந்தது. கரியன் சிமெண்ட் தொட்டியின் முன்னால் நின்று சோளம் உதிர்த்துக்கொண்டிருந்தான். கப்பி மீன்கள் நாலும் நாற்பதாகியிருந்தன. நடுவில் அந்தப் பழைய பஞ்சு. கறுப்பாக, வழவழவென்று, சேறு சொட்டச் சொட்ட.

"ரொம்ப நாறுது அண்ணா. இருங்க, நல்லா தொவைச்சித் தரேன்."

"தொவைச்ச கைய வெட்டிப் போட்ருவேன்!"

மலை எதிரொலித்தது. கரியனின் சம்சாரம் செங்கம்மாள் உள்ளேயிருந்து உலக்கையோடு வெளியே வந்தாள். கரியன் என் முகத்தில் இருந்த காயங்களையும் முழங்காலையும் பார்த்து, "யார் அடிச்சது?" என்று கேட்டான்.

"நம்ம வூட்டுப் பொண்ணு. ஞாயமாத்தான் அடிச்சுது."

தொட்டித் தண்ணீரோடு குடத்தில் வைத்துக் கட்டிக் கொடுத்தான். ஊற்றுத் தண்ணீர் இரண்டு கேன் அவனே தன் வண்டியில் ஏற்றிக்கொண்டு பின்னால் வந்தான்.

அமிர்தம் பஞ்சை வளையங்களின் மேல் பிழிந்தாள். கறுப்புத் தண்ணீர் வெள்ளை வளையங்களுக்குள் இறங்கியது. அதைப் பார்த்து இவ்வளவு சந்தோஷப்படுவேன் என்று யார் நினைத்தார்கள்?

4.11.2023, சனி

கீசகன் தீனி எடுத்தான். என்னைப் பார்த்து முறைத்தான். நல்லது.

11.11.2023, சனி

நாளைக்குத் தீபாவளி. தொட்டியில் ஒரே ஒரு மீன். அதுவும் ஆண்.

கொளத்தூரில் குஞ்சு வாங்கி வந்து தொட்டியில் கொட்டிவிட்டால் யாருக்குத் தெரியும் என்று அமிர்தத்திடம் சொன்னேன். "இருக்கற தண்ணி தாங்காது. அதுங்களையும் கொல்லணுமா?" என்றாள். பிறகு, "நான் போவப் போறதில்ல. நீ இன்னா பண்ணப் போற, அத்த யோசி" என்றாள்.

மாரியாத்தா மேல் வாக்கு. ஐம்பத்தெட்டு வயது வரை ஆயிரம் புளுகு புளுகியிருக்கிறேன். சாமி மேல் கொடுத்த வாக்கிலிருந்து மட்டும் மாறியதில்லை. ஊரில் எனக்கு இருக்கிற ஒரே மரியாதை அதுதான். அதை வைத்துக்கொண்டு என்ன செய்யப் போகிறேன், உப்புக் கண்டமா போடப் போகிறேன்?

15.11.2023, புதன்

மூன்று நாள் எழுதவில்லை. தாடை வீங்கியிருந்தது.

தீபாவளி அன்று பதினோரு மணிக்கு சின்னதுரை வந்தான். கூட அவன் அண்ணன், சாட்சிக்கு அம்மாசி. நேராகப் பின்கட்டுக்கு வந்து தொட்டியைப் பார்த்தான்.

"குஞ்சு எங்க மாமா?"

"இல்ல."

"செத்துப் பூட்சா?"

"நான்தான் கொன்னேன்."

அவன் சிரித்தான். "அப்ப இட்டுக்கினு வா, போலாம். வாக்கு இருக்குதில்ல?"

"மாறிட்டேன்."

"இன்னா?"

"வாக்கு மாறிட்டேன்டா. பொன்னுரங்கம் வாக்கு மாறினவன், சாமிக்குத் துரோகம் பண்ணவன்னு ஊர் ஊரா தமுக்கு அடிச்சிக்கினு போ. அவ வரமாட்டா."

அம்மாசி, "ஏம்பா, ஆத்தா மேல சொன்னியே" என்றார். நான் அவர் முகத்தைப் பார்க்கவில்லை.

சின்னதுரை கேனிஸ்டரை உதைத்தான். குழாய் பிய்ந்தது, மூடி தெறித்தது, தட்டுகள் உருண்டு வளையங்கள் தரையெல்லாம் சிதறின. தொட்டித் தண்ணீர் குழாய் வழியாகக் கொட்டியது. நான் ஓடி மெயினை அணைத்தேன். திரும்பியபோது அவன் மேசையிலிருந்த என்னுடைய இருபத்து நாலாம் நம்பர் ஸ்பேனரை எடுத்திருந்தான். அமிர்தத்தை நோக்கிப் போனான்.

இந்தத் தடவை கால் நகர்ந்தது.

ஸ்பேனர் என் வாயில் இறங்கியது. ஓசை எனக்கு உள்ளே இருந்து கேட்டது, ஓடு உடைகிற மாதிரி. கீழே விழவில்லை. அவன் அண்ணன் பின்னாலிருந்து என் விலாவில் உதைத்தான். சின்னதுரை என்னைத் தாண்டிக் கையை நீட்டி அவள் முடியைப் பிடித்தான். கை என் முகத்துக்கு முன்னால் இருந்தது. கடித்தேன். மிச்சமிருந்த எல்லாப் பல்லாலும் கடித்தேன். எலும்பு தட்டுப்படும் வரைக்கும். அவன் ஸ்பேனரால் என் மண்டையில் அடித்துக்கொண்டே கத்தினான், நான் விடவில்லை. என் ரத்தமா அவன் ரத்தமா என்று தெரியாமல் வாய் நிறைந்தது.

அந்த நேரம் அமிர்தம் என்ன செய்துகொண்டிருந்தாள் என்று பிறகு ஜெயம்மாள் சொன்னாள். முடி விடுபட்டதும் ஒரு வாளித் தொட்டித் தண்ணீர் மொண்டு வைத்துக்கொண்டு, முட்டி போட்டு, எங்கள் கால்களுக்கு நடுவில் வளையங்களைப் பொறுக்கி அதில் போட்டுக்கொண்டிருந்தாளாம். காய்ந்தால் செத்துவிடும். ஒருத்தரையும் நிமிர்ந்து பார்க்கவில்லையாம். சின்னதுரையின் அண்ணன் அவள் கையை மிதித்தபோது மட்டும், இன்னொரு கையால் வாளியை எடுத்துத் தள்ளி வைத்துவிட்டு, கேனிஸ்டர் மூடியைத் தூக்கி அவன் முழங்காலில் அடித்தாளாம். மோட்டாரோடு மூன்று கிலோ. அவன் உட்கார்ந்துவிட்டான்.

ஜெயம்மாள் காயில் தட்டுகிற கொட்டாப்புளியோடு வந்தாள். டீக்கடை ஜனம் வந்தது. அவர்கள் ஓடினார்கள்.

மகளிர் காவல் நிலையத்தில் புகாரை அமிர்தமே எழுதினாள், வீங்கின கையால். அங்கிருந்த போலீஸ் அம்மா என்னைக் கேட்டார்கள், எத்தனை பேர் அடித்தார்கள் என்று. நாற்பது என்று நாக்கின் நுனி வரை வந்தது.

"ரெண்டு பேருங்க. மூணாவது ஆளு சும்மா நின்னுக்கினு இருந்தாரு."

சும்மா நின்றவர் பேரையும் எழுதச் சொன்னேன்.

தையல் ஏழு. விலா எலும்பு ஒன்று. பல் இரண்டு. மிகைப்படுத்தவில்லை.

3.12.2023, ஞாயிறு

கொளத்தூரிலிருந்து புதுப் பெண் மீன். பேர் வைக்கலாமா என்று கேட்டேன். "வேணாம் மாமா, நீ பேரு வெச்சா சண்டை வருது."

டீக்கடையில் என்னை 'வாக்கு மாறி' என்று கூப்பிடுகிறார்கள். "வாக்கு மாறிக்கு ஒரு டீ, சக்கர கம்மியா." சொல்லிவிட்டுப் போகட்டும், ஆறிப்போகாமல் கொடுத்தால் சரி.

21.1.2024, ஞாயிறு

வெள்ளிக்கிழமை கோர்ட்டில் சின்னதுரை எதிர் பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். வலது கை மணிக்கட்டில் அரை வட்டமாகத் தழும்பு. நடுவில் ஒரு பல் இடைவெளி. அமிர்தம் பேசியபோது குரல் நடுங்கவில்லை. அடுத்த வாய்தா மார்ச்சில்.

குஞ்சுகள் நூற்று நாற்பத்து மூன்று. நானே எண்ணினேன், இரண்டு தடவை.

இன்று காலை அமிர்தம், "ஃபில்டர் மெதுவா ஓடுது. நீ அடுக்கறியா?" என்றாள். கேட்டது என்னையா என்று திரும்பிப் பார்த்தேன். பின்னால் யாரும் இல்லை.

தொட்டித் தண்ணீரையே வாளியில் மொண்டு பஞ்சுகளை அலசினேன். கீழ்த்தட்டில் முரட்டுப் பஞ்சு. அதற்கு மேல் நைசு. மேல்தட்டை எடுத்துப் பார்த்தேன். பழுப்பும் வழவழப்புமாக நல்ல சேற்று வாடை. வளையங்களுக்கு நடுவில் ஒன்று மட்டும் ஓட்டை இல்லாமல் இருந்தது. எடுத்துத் திருப்பினேன். வேர் இரண்டு.

என் பல்.

"அன்னிக்கு அவசரத்துல அதையும் சேத்துப் பொறுக்கிட்டேன்" என்றாள் அமிர்தம். "மறுநாள்தான் பாத்தேன். எறிய மனசு வரல. இருக்கட்டும் மாமா, அதுலயும் கிருமி குடியேறி இருக்கும்."

திருப்பி அதே இடத்தில் வைத்தேன். மூடினேன். சுவிட்ச் போட்டேன். ஓடுகிறது.